கண்காட்சிப் போட்டிக்குப் பூச்சித் தொகுப்பு: பெட்டி அடுக்கும் முன் சில சந்தேகங்கள்

ஊசித்தட்டான்:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் கண்காட்சியில் பூச்சித் தொகுப்புப் பிரிவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் யாருக்கும் இதில் பழக்கம் கிடையாது. வலை வீசிப் பிடித்தவை, ராத்திரி விளக்கடியில் விழுந்தவை என்று நிறையச் சேர்த்துவிட்டாள். பாதி காகித உறைக்குள் மொறமொறவென்று காய்ந்து கிடக்கிறது, பாதி ஃப்ரீசரில். விதிமுறைத் தாளில் குறைந்தபட்சம் எட்டு வரிசை (order, அதாவது வண்டு, ஈ, தட்டான் என்பதுபோன்ற பூச்சிப் பெரும்பிரிவு), ஊசி குத்தி, லேபிளோடு, கண்ணாடி மூடிய பெட்டியில் வைக்க வேண்டும் என்பதற்கு மேல் விவரம் இல்லை.

கேட்க வேண்டியவை: காய்ந்தவற்றை எப்படி விரிப்பது? தொட்டாலே கால் உதிர்கிறது. தையற்காரர்கள் வைத்திருக்கும் குண்டூசி போதுமா? பெட்டி அடியில் தெர்மோகோல், நாலு மூலையிலும் அந்துருண்டை என்று திட்டம், சரிதானே? அப்புறம், பெரிய பட்டாம்பூச்சிகளை நடுவில் வைத்து மற்றவற்றைச் சுற்றிலும் வட்டமாக அடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

குழிநரி:

காய்ந்து போனதற்குக் கவலைப்படாதீர்கள் அக்கா, இளக்கிவிடலாம். மூடி இறுக்கமாக இருக்கும் டப்பா ஒன்று எடுங்கள். அடியில் ஈர மணலோ பிழிந்த ஈர டிஷ்யூவோ போட்டு, அதன்மேல் சின்னத் தட்டு வைத்து, தட்டில் பூச்சியை வையுங்கள். ஈரக்காற்றுதான் பூச்சியை இளக்க வேண்டும், தண்ணீர் நேரடியாகப் படக்கூடாது. பூஞ்சை வராமல் இருக்க ஃபீனால் கலந்த கிருமிநாசினி ஓரிரு சொட்டு மணலில் விடுங்கள். பட்டாம்பூச்சிக்கு ஒன்றிரண்டு நாள் போதும், தடித்த வண்டுக்குக் கூடுதலாக ஆகும். மழமழப்பான கறுப்பு வண்டு என்றால் சில நிமிடம் வெந்நீரில் போட்டாலே மூட்டு இளகிவிடும். ரோமமோ செதிலோ உள்ளதை மட்டும் வெந்நீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

தினம் ஒருமுறை திறந்து, ஊசி முனையால் இறக்கை அடிப்பகுதியை லேசாக நகர்த்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் நகர்ந்தால் தயார். முரண்டு பிடித்தால் மூடிவிட்டு மறுநாள் வாருங்கள். இந்த இடத்தில் பொறுமை இல்லாதவர்களின் பெட்டியில்தான் ஒற்றைக்கொம்புப் பட்டாம்பூச்சிகள் உலவும்.

ஃப்ரீசரில் இருப்பவற்றுக்கு இதெல்லாம் வேண்டாம். வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வந்ததும் ஊசி ஏற்றலாம். அவற்றை முதலில் முடியுங்கள்.

பொறிவண்டு:

தையல் குண்டூசி வேண்டாம். நீளம் போதாது, தடிமன் அதிகம், நாளாவட்டத்தில் துருவும் பிடிக்கும். பித்தளை ஊசி என்றால் பூச்சியின் உடற்கொழுப்போடு சேர்ந்து பச்சைக் களிம்பாகப் பொங்கி உடம்பையே பிளந்துவிடும். பூச்சிக்கென்றே துருப்பிடிக்காத எஃகிலும் கறுப்பு எனாமல் பூசியும் ஊசிகள் வருகின்றன, ஏறக்குறைய 4 செ.மீ. நீளம். எண் கூடக்கூடத் தடிமன் கூடும். பெரும்பாலானவற்றுக்கு 2, 3 ஆம் எண்கள் போதும். பெரிய காண்டாமிருக வண்டுக்கு இன்னும் தடித்தது. 0, 00 எல்லாம் மெல்லியவை, கொஞ்சம் அழுத்தினாலே வளையும், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

குத்தும் இடம் பூச்சிக்குப் பூச்சி மாறும். வண்டுக்கு வலது இறக்கை உறையின் முன்பகுதியில் குத்தி, கீழே நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் வெளிவர வேண்டும். வெட்டுக்கிளிக்கு முன்மார்புக் கவசத்தின் பின்பகுதியில், நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம். உறிஞ்சுகுழல் வாயுள்ள நாவாய்ப்பூச்சி இனங்களுக்கு இறக்கைகளுக்கு நடுவே தெரியும் முக்கோணக் கேடயத்தில், அங்கும் வலம் ஒதுங்கியே. ஈ, தேனீ, குளவிக்கு மார்பில் முன்னிறக்கை அடிகளுக்கு இடையே, நடுக்கோட்டைத் தவிர்த்து வலப்பக்கம். பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி, தட்டான் இவற்றுக்கு மட்டும் மார்பின் நட்டநடு.

ஏன் வலது என்று சிறுவர்கள் கேட்பார்கள். ஊசி ஒரு பக்கத்தைக் கெடுத்தாலும் மறுபக்கம் முழுசாக இருக்கும். இனம் பிரிக்கத் தேவையான முடி, புள்ளி, குழி எல்லாம் இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் ஒன்று தப்பினால் போதும். உலகம் முழுக்க வலது என்று வைத்துக்கொண்டதால், யார் தொகுப்பைத் திறந்தாலும் இடப்பக்கத்தை நம்பிப் பார்க்கலாம்.

ஊசித் தலைக்கும் பூச்சியின் முதுகுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் விடுங்கள். கை பிடிக்க இடம் வேண்டும். எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க, படிப்படியாகத் துளையிட்ட மரக்கட்டை ஒன்று செய்துகொண்டால் பூச்சிக்கு ஒரு துளை, லேபிளுக்கு ஒரு துளை என்று அளவு மாறாது. பெட்டியைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரே மட்டத்தில் கோடு போட்டதுபோல் தெரிய வேண்டும்.

இரவுவிளக்கு:

நன்றாகச் சொன்னீர்கள். நெல்மணி அளவுள்ள சின்னப் பூச்சிகளை ஊசியால் குத்தவே கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தடித்த அட்டையில் ஒல்லியான முக்கோணம் வெட்டி, அகன்ற பக்கத்தில் ஊசியை ஏற்றி, கூர்முனையைச் சற்றே கீழ்நோக்கி மடித்து, அதில் துளி பசை வைத்துப் பூச்சியின் மார்பு வலப்பக்கத்தில் ஒட்ட வேண்டும். தண்ணீரில் கரையும் பசையே நல்லது, பின்னால் பிரித்தெடுக்க வேண்டியிருந்தால் பிரிக்கலாம். சூப்பர் க்ளூ போட்டால் பூச்சி ஆயுளுக்கும் அட்டையோடுதான்.

பழைய அலமாரி:

அம்மா, நான் இதுமாதிரிப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். பெட்டி என் முன்னால் வந்ததும் நான் பூச்சியைப் பார்ப்பதில்லை, லேபிளைப் பார்ப்பேன். உங்கள் கேள்விகளில் லேபிள் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால் கேட்கிறேன்: உறைகளின் மேல் எந்த இடம், என்றைக்கு, யார் பிடித்தது என்று எழுதியிருக்கிறதா?

ஊசித்தட்டான்:

பெரும்பாலானவற்றில் எழுதியிருக்கிறாள் ஐயா. கொஞ்சம் உறைகளில் மாதம் மட்டும் இருக்கிறது. ஒரு சிலவற்றில் எதுவுமே இல்லை. உத்தேசமாக ஒரு தேதி போட்டுக்கொள்ளலாமா? அதில் ஒன்று பெட்டியிலேயே அழகான பட்டாம்பூச்சி.

பழைய அலமாரி:

கூடாது. மாதம், வருடம் உறுதியாகத் தெரிந்தால் அதை மட்டும் எழுதுங்கள், அது முழு உண்மை. நாள் தெரியாமல் ஒரு எண்ணைப் போட்டால், பார்ப்பவருக்கு அது உண்மைத் தேதியா இட்டுக்கட்டியதா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒன்று சந்தேகம் என்றால் பெட்டி முழுக்கச் சந்தேகம். எதுவுமே எழுதாத உறையில் இருப்பதைப் பெட்டியில் சேர்க்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. இறக்கை விரித்துப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளட்டும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், லேபிள்தான் தொகுப்பை ஆதாரமாக ஆக்குகிறது. இன்றைக்குப் பூச்சிகள் எந்த நிலப்பரப்பில் இருந்தன, எப்போது அற்றுப்போயின, பருவம் எப்படி முன்கூட்டியே வருகிறது என்று ஆய்வாளர்கள் பேசுவதற்கு நூறு வருடத்துக்கு முன் யாரோ எழுதி ஊசியில் கோத்த துண்டுச் சீட்டுகளும் காரணம். அவர்களில் பள்ளிச் சிறுவர்களும் உண்டு.

லேபிள் சின்னதாக இருக்கட்டும். பூச்சியை மறைக்கக்கூடாது. அகலம் ஒன்றரை செ.மீ., உயரம் அதில் பாதி இருந்தால் தாராளம். அமிலமில்லாத தடித்த தாள். லேசர் பிரிண்டர் என்றால் 4 அல்லது 5 பாயிண்ட் எழுத்து. இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் கரையும். கையால் எழுதினால் நீரில் கரையாத கறுப்பு மை. முதல் லேபிளில் நாடு, மாவட்டம், ஊர், தேதி, பிடித்தவர் பெயர். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது மரபு. இல்லாவிட்டால் 5-8 என்று பார்த்ததும் சிலர் மே மாதம் என்பார்கள், சிலர் ஆகஸ்ட் என்பார்கள். அதற்குக் கீழே இரண்டாவது லேபிளில் பூச்சியின் பெயரும் பெயர் கண்டவரின் பெயரும். இனம் வரை போக முடியாவிட்டால் குடும்பத்தோடு நிறுத்துங்கள். தப்பான இனப்பெயரைவிடச் சரியான குடும்பப்பெயர் மேல்.

சில்வண்டு:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒரு குழந்தையின் பரிசுக்காக இத்தனை உயிரைக் கொல்ல வேண்டுமா? நல்ல கேமராவே போதுமே. இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

இரவுவிளக்கு:

நியாயமான கேள்விதான், மழுப்ப மாட்டேன். படம் எல்லாவற்றுக்கும் போதாது. பல வண்டுகளையும் ஈக்களையும் கால் நகம், வயிற்று நுனி இவற்றை லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். ஆனால் பள்ளிப் போட்டிக்கு அந்த அளவு வேண்டியதில்லை என்பதும் உண்மை. ஜன்னலோரம், தெருவிளக்கின் அடி, சிலந்தி வலை ஓரம் என்று செத்துக் கிடப்பவற்றை முதலில் பொறுக்கச் சொல்வேன். ஒரே இனத்தில் பத்து வேண்டாம், ஒன்றிரண்டு போதும். முட்டையிட வந்த பெண்பூச்சி என்று தெரிந்தால் விட்டுவிடலாம். பாதுகாக்கப்பட்ட இனங்களின் பட்டியலைப் பிடிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். வெளியிலிருந்து வாங்கிய பூச்சி என்றால் இன்னும் எச்சரிக்கை. அலெக்ஸாண்ட்ரா ராணியின் பெயர் கொண்ட பறவைச்சிறகி, உலகிலேயே மிகப் பெரிய பட்டாம்பூச்சி, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அதை வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோவதற்குத் தடை.

கொல்வதென்றால் குழந்தைகளுக்கு ஃப்ரீசர்தான் நல்லது. ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும். எத்தில் அசிட்டேட் ஊற்றிய ஜாடி வேகமாக வேலை செய்யும், ஆனால் அந்த ஆவியைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சில்வண்டு:

செத்துக் கிடப்பதிலிருந்து தொடங்கச் சொன்னது எனக்குப் பிடித்தது. மற்றதில் உடன்பாடில்லை. இழையைத் திசை திருப்ப விரும்பவில்லை, தொடருங்கள்.

குழிநரி:

இறக்கை விரிப்பதைப் பாதியில் விட்டுவிட்டேன். விரிப்புப் பலகையின் நடுப்பள்ளத்தில் உடம்பு இறங்கி, இறக்கை பலகை மட்டத்தில் படிய வேண்டும். ஊசியை முன்னிறக்கையின் முன்னோரத்தில் இருக்கும் தடித்த நரம்புக்குப் பின்னால் கொடுத்து மெல்ல மேலே தள்ளுங்கள். இறக்கையைத் துளைக்க வேண்டியதில்லை, நரம்பே தாங்கும். முன்னிறக்கையின் பின்னோரம் உடம்புக்குச் செங்கோணமாக வந்ததும் நிறுத்துங்கள். அப்புறம் பின்னிறக்கையை, இடையில் இடுக்கு பெரிதாகத் தெரியாத அளவுக்கு மேலே கொண்டுவாருங்கள். டிரேசிங் பேப்பர் பட்டையை மேலே போட்டு, இறக்கைக்கு வெளியே ஊசிகளைக் குத்தி இறுக்குங்கள். உணர்கொம்புகளையும் அந்தப் பட்டைக்கு அடியிலேயே நேராக்கிவிடலாம்.

தட்டானுக்கு இந்தக் கணக்கு மாறும். அதில் பின்னிறக்கையின் முன்னோரம்தான் செங்கோணம்.

ஒரு வாரம், பெரிய அந்துப்பூச்சி என்றால் இரண்டு வாரமாவது பலகையில் கிடக்கட்டும். வயிற்றை ஊசியால் தொட்டுப் பாருங்கள். வயிறு மட்டும் தனியாக ஆடினால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். முன்கூட்டியே எடுத்தால் சில நாளில் இறக்கை தொங்கிவிடும், அதுவும் சரியாகப் போட்டி அன்றைக்கு.

ஊசித்தட்டான்:

தட்டான் என்றதும் ஞாபகம் வருகிறது. உயிரோடு இருந்தபோது கண்ணாடி மாதிரிப் பச்சைக் கண். இப்போது சேற்று நிறம். பொன்வண்டு மட்டும் அப்படியே மின்னுகிறது. ஏதாவது செய்ய முடியுமா?

பொறிவண்டு:

அந்தத் தட்டானுக்கு முடியாது. பொன்வண்டின் மினுக்கம் சாயம் இல்லை. உறையின் நுண் அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம், அடுக்கு இருக்கும்வரை நிறமும் இருக்கும். தட்டானின் நிறத்துக்கு உடலின் உள்ளே உள்ள நிறமிகளும் காரணம், உள்ளே அழுக அழுக நிறமும் போய்விடும். அடுத்த முறை பிடித்தால், இறந்த கையோடு இறக்கையை மடித்துக் காகித உறையில் வைத்து ஒரு ராத்திரி அசிட்டோனில் ஊறப்போட்டு எடுத்து உலர்த்துங்கள். நீரும் கொழுப்பும் வெளியேறிவிடும், நிறம் ஓரளவு தங்கும். கண் நிறம் முழுசாகத் தங்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும், திறந்த வெளியில் பெரியவர்தான் செய்ய வேண்டும். ஊறிய தட்டான் வறட்டு விறைப்பாக இருக்கும். மெல்லிய வயிறு ஒடியாமல் இருக்க, ஊறப்போடும் முன்பே கழுத்திலிருந்து வால் நுனி வரை உள்ளே ஒரு விறைப்பான நார் செலுத்துவோரும் உண்டு.

பெரிய வெட்டுக்கிளி கறுத்துப்போவதற்கும் உள்ளே இருக்கும் குடல்தான் காரணம். வயிற்றின் அடியில் சின்னதாகக் கீறிக் குடலை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பஞ்சு வைத்தால் நிலைமை பரவாயில்லை.

கம்பளிப்பூச்சி, கறையான் மாதிரி மெத்தென்ற உடம்பை ஊசியில் ஏற்றாதீர்கள், சுருங்கிவிடும். சின்னக் கண்ணாடிக் குப்பியில் 70-80% ஆல்கஹால். கம்பளிப்பூச்சியை முதலில் சில நொடி கொதிநீரில் போட்டால் பிறகு கறுக்காது. உங்கள் போட்டியில் குப்பிகளை ஏற்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவுவிளக்கு:

அந்துருண்டைக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை! முதலில் உருண்டை எதனால் ஆனது என்று பாருங்கள். பாரா டைகுளோரோபென்சீன் என்றால் அதன் ஆவி தெர்மோகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும், பூச்சிகள் சாய்ந்து கிடக்கும். நாப்தலீனையும் பாராவையும் ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் சேர்ந்து இளகி ஒழுகும். எது என்றாலும் மூச்சுக்கு ஆகாது, குழந்தை தினம் திறந்து பார்க்கும் பெட்டியில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அடியில் தெர்மோகோலுக்குப் பதில் அடர்த்தியான பாலிஎத்திலீன் ஃபோம் போடுங்கள். ஊசி ஆடாமல் நிற்கும், குத்தி எடுத்த துளை தானே மூடிக்கொள்ளும்.

உண்மையான எதிரி டெர்மெஸ்டிட் குடும்பத்துச் சின்ன வண்டுகளின் ரோமப் புழுக்கள். பூச்சிக்கு நேர் கீழே பழுப்பு நிறத்தில் பொடி உதிர்ந்திருந்தால் உள்ளே சாப்பாடு நடக்கிறது. பெட்டியை அப்படியே பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் தீர்ந்தது. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்தபிறகு பிரித்தால்தான் பூச்சிமேல் வியர்க்காது.

பழைய அலமாரி:

வட்டமாக அடுக்குவது பற்றி. அலங்காரக் காட்சி என்று தனிப் பிரிவு இருந்தால் தாராளமாகச் செய்யட்டும். தொகுப்புப் பிரிவு என்றால் நேர்நேரான பத்திகளாகத்தான். தலை எல்லாம் மேல்நோக்கி, ஒரே வரிசையைச் சேர்ந்தவை ஒரே பத்தியில், அதற்குள் குடும்ப வாரியாக. வரிசையின் பெயரை மட்டும் அடி ஃபோமோடு ஒட்டினாற்போல் வையுங்கள். இடைவெளி விட்டு அடுக்குங்கள். பெட்டி நிறைய வேண்டும் என்பதற்காக இறக்கைமேல் இறக்கை ஏற்றினால் மதிப்பெண் கூடாது, குறையும். பெட்டியின் நீளப்பக்கம் மேல்கீழாக வருமா குறுக்காக வருமா என்பதையும் ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிடுங்கள். அடுக்கி முடித்தபிறகு திருப்புவது கொடுமை.

பெயர் காண்பதில் வழக்கமாக வழுக்குகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் கறுப்புக் கோடு போட்டதெல்லாம் தேனீ இல்லை, இறக்கை எண்ணுங்கள். ஒரே ஜோடி இருந்து, பின்னால் குண்டூசித் தலைபோல இரண்டு குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் அது பூ ஈ, ஈக்களின் வரிசையான டிப்டெராவில் வைக்க வேண்டும். தட்டான்போல இருந்து உணர்கொம்பு நீளமாகவும் நுனி தடித்தும் இருந்தால் அது நியூராப்டெரா வரிசை, மணலில் குழி பறிக்கும் குழிநரிப் பூச்சிக்குச் சொந்தக்காரன். முதுகில் இறக்கை உறைகள் நேர்கோட்டில் சந்தித்தால் வண்டு. குறுக்கே ஒன்றின்மேல் ஒன்று படிந்து கீழே உறிஞ்சுகுழல் இருந்தால் நாவாய்ப்பூச்சி. எறும்பு வேடம் போட்ட சிலந்தியைக்கூடப் பெட்டியில் பார்த்திருக்கிறேன். கால் எட்டு!

ஊசித்தட்டான்:

ஈசலை ஐசாப்டெரா என்று தனி வரிசையாகப் போட்டிருக்கிறாள். அதைச் சேர்த்தால்தான் எட்டு வருகிறது. சரிதானா?

குழிநரி:

இல்லை அக்கா. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு, 2007 வாக்கில் தொடங்கி, கறையான்களைக் கரப்பான்களோடு பிளாட்டோடியா என்ற ஒரே வரிசையில் சேர்த்துவிட்டார்கள். மரம் தின்னும் கரப்பான் ஒன்று கறையானுக்கு மிக நெருங்கிய உறவு. கரப்பான் ஏற்கெனவே இருந்தால் உங்கள் கணக்கு ஏழுதான்.

பழைய அலமாரி:

அறிவியல்படி தம்பி சொல்வது சரி. ஆனால் பழைய பாடப்புத்தகத்தை வைத்து நடத்தும் போட்டிகள் இன்னும் இருக்கின்றன. எந்த வகைப்பாட்டைப் பின்பற்றச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அதற்காக அந்த எட்டாவதை அங்கேயே நம்பியிருக்க வேண்டாம். கும்பிடுபூச்சி, இடுக்கிப்பூச்சி, குச்சிப்பூச்சி மூன்றும் தனித்தனி வரிசைகள். ஒரு ராத்திரி வெள்ளைத் துணியில் விளக்கு போட்டு உட்கார்ந்தால் ஒன்றாவது வரும்.

ஊசித்தட்டான்:

கும்பிடுபூச்சி ஒன்று இருக்கிறது! மகள் வெட்டுக்கிளியோடு சேர்த்து வைத்திருந்தாள், இப்போது பிரித்துவிட்டாள். கடைசியாக ஒன்று. அந்தக் கும்பிடுபூச்சியின் தலை கழன்றுவிட்டது. ஒட்டலாமா, அல்லது அதுவும் ஏமாற்றா?

பொறிவண்டு:

அதனுடைய தலைதான் என்றால் ஒட்டலாம். தண்ணீரில் கரையும் பசை, ஊசி முனையளவு. வேறு பூச்சியின் தலை, கால், வயிறு எதையும் ஒட்டக்கூடாது. ஏமாற்றுக்குப் பழைய கதை ஒன்று உண்டு: 1702 இல் ஜேம்ஸ் பெட்டிவர் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளருக்கு ஒருவர் விசித்திரமான மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்றை அனுப்பினார். உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே அதற்குப் புது இனமென்று பெயர் வைத்தார். 1793 இல் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் உற்றுப் பார்த்தபோது சாதாரண மஞ்சள் பட்டாம்பூச்சிமேல் கறுப்புப் புள்ளியும் நீலப் பிறையும் வரைந்திருந்தது தெரிந்தது.

எடுத்துப் போகும்போது கும்பிடுபூச்சி, பெரிய வண்டு மாதிரிக் கனமானவற்றின் வயிற்றுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு ஊசி முட்டுக்கொடுங்கள். ஒன்று சுழன்றால் பக்கத்தில் இருப்பதெல்லாம் காலி. பெட்டியை மடியில் வைக்காமல் நுரைமெத்தைமேல் கிடத்துங்கள். ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசையும் ஒரு இடுக்கியும் கையில் இருக்கட்டும், நடுவர் வரும் முன் மேசையிலேயே சரிசெய்துகொள்ளலாம்.